மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை

ஜனவரியில் நடக்கும் சென்னை மாரத்தானில் ஓட நினைப்பவர் ஆகஸ்டிலேயே பயிற்சியைத் தொடங்கிவிடுகிறார். முதல் இரண்டு மாதம் புழுக்கம், அடுத்த மூன்று மாதம் வடகிழக்குப் பருவமழை. நவம்பரில் குதிகால் வலிக்கத் தொடங்கினால், "ஈரத்தில் ஓடினாய், அதுதான்" என்பார்கள் வீட்டில். எனக்கு அதில் உடன்பாடில்லை. காலைக் கெடுப்பது பெரும்பாலும் மழை அல்ல. மழையால் விட்டுப்போன ஓட்டங்களை எல்லாம் வானம் வெளுத்த முதல் ஞாயிற்றுக்கிழமையிலேயே ஓடித் தீர்க்கப் பார்ப்பதுதான். உடம்பின் பாகங்கள் எல்லாம் ஒரே வேகத்தில் பழகுவதில்லை என்பதே இதற்குக் காரணம்.

புழுக்கத்துக்கு உடம்பு விரைவில் பழகிவிடுகிறது. ஓடும்போது தசைகள் செலவிடும் ஆற்றலில் கால் பங்குக்கு மேல் இயக்கமாக மாறுவதில்லை; மீதி வெப்பம். 60 கிலோ எடையுள்ளவர் 10 கி.மீ. ஓடினால் ஏறத்தாழ 600 கிலோகலோரி செலவாகும். அதில் சுமார் 450 வெப்பமாக உடம்பை விட்டு வெளியேறியாக வேண்டும். ஒரு லிட்டர் வியர்வை முழுவதும் ஆவியானால் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டுபோய்விடும். ஆகவே ஒரு லிட்டருக்கும் குறைவான வியர்வை போதும் என்கிறது கணக்கு. ஆனால் செப்டம்பர் விடியலில் மெரினாவில் ஓடிப் பாருங்கள். காற்றில் ஏற்கெனவே அவ்வளவு ஈரம் இருப்பதால் வியர்வை ஆவியாகாமல் சொட்டுகிறது. சொட்டி விழும் வியர்வையால் நீரும் உப்பும்தான் போகும். சூடு அப்படியே தங்கும். அந்தச் சூட்டை இறக்க ரத்தத்தில் ஒரு பகுதி தோலை நோக்கித் திருப்பப்படுகிறது. தசைக்கும் கொடுத்துத் தோலுக்கும் கொடுக்க இதயம் கூடுதலாகத் துடிக்கிறது. எனவே அந்த மாதங்களில் வேகத்தைக் குறைத்துக்கொள்வது சோம்பல் ஆகாது.

தொடர்ந்து ஓடினால் ஒரு வாரத்துக்குள் ரத்தத்தின் நீர்ப்பகுதியான பிளாஸ்மா பெருகுகிறது. வியர்வை முன்னதாகவே சுரக்கிறது, அதிலுள்ள உப்பும் குறைகிறது. இரண்டு வாரத்தில் இந்தப் பழக்கம் பெருமளவு படிந்துவிடும். இதயமும் தசையும் தேற இன்னும் சில வாரங்கள் போதும். அக்டோபர் வரும்போது மூச்சு இரைப்பதில்லை, உடம்பு தயார் என்று தோன்றுகிறது. குதிகால் தசைநாண் மட்டும் தயாராகியிருக்காது.

கெண்டைக்கால் சதையைக் குதிகால் எலும்போடு கட்டும் அந்த நாண், ஓட்டத்தில் உடல் எடையைப் போலப் பல மடங்கு விசையைத் தாங்குகிறது. அது எவ்வளவு மெதுவாகப் புதுப்பிக்கப்படுகிறது என்பதைக் கண்டறிந்த விதம் வியப்பானது. 1950களிலும் 60களின் தொடக்கத்திலும் நடந்த அணுகுண்டுச் சோதனைகளால் காற்றில் கார்பன்-14 என்ற கதிரியக்கக் கார்பன் பெருகியது. அது உணவு வழியாக மனித உடலுக்குள்ளும் சேர்ந்து, அப்போது உருவான திசுக்களில் பதிந்தது. டென்மார்க் ஆய்வாளர்கள் தசைநாணின் மையப் பகுதியில் தங்கியிருந்த அந்தக் கார்பனை அளந்து, 2013இல் முடிவை வெளியிட்டார்கள். சுமார் 17 வயதுக்குள் உருவான திசு, அதன் பிறகு ஏறக்குறைய மாறுவதே இல்லை! பயிற்சியால் நாண் வலுப்பெறத்தான் செய்கிறது. அதற்குப் பல மாதங்கள் பிடிக்கும். கடினமான ஓட்டத்துக்குப் பிறகு முதல் ஒன்றரை நாள் வரை அதில், நாணுக்கு வலுவூட்டும் புரதமான கொலாஜன் உருவாவதைவிடச் சிதைவதே அதிகம். ஆக்கம் மேலோங்குவது அதற்குப் பின்னர்தான்.

இப்போது அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். வாரம் முழுவதும் மழை, தெருவில் முழங்கால் தண்ணீர், ஓட்டமே இல்லை. சனிக்கிழமை 15 கி.மீ., மறுநாள் 30 கி.மீ. என்று ஓடித் தீர்த்தால் இதயம் தாங்கிக்கொள்ளும். நாணுக்கோ முதல் நாள் சிதைவே சரியாகியிருக்காது. ஒரு வாரம் ஓடாததால் உடல்திறனில் குறைவது மிகச் சொற்பம். விட்டதை விட்டதாகவே வைத்துக்கொள்ளலாம். இடியும் மின்னலும் இல்லாத சாதாரண மழையில் ஓடுவதில் தவறில்லை. ஆனால் தண்ணீர் தேங்கிய சாலையில் மட்டும் வேண்டாம், திறந்து கிடக்கும் சாக்கடைக் குழி கண்ணுக்குத் தெரியாது.

நாண் வலிக்கு ஒரு தனிக் குணம் உண்டு. காலையில் படுக்கையை விட்டு இறங்கி வைக்கும் முதல் சில அடிகளில் விறைப்பு; ஓடி உடல் சூடானதும் காணாமல் போகும்; மறுநாள் காலை மீண்டும் வரும். முழு ஓய்வு எடுத்தால் வலி அடங்கும், ஆனால் சுமை இல்லாத நாண் மேலும் பலவீனமாகும். ஸ்வீடனைச் சேர்ந்த எலும்பு மருத்துவர் ஹோகன் ஆல்ஃப்ரெட்சன் 1998இல் வெளியிட்ட முறை இதற்கு நேர்மாறானது: படியின் விளிம்பில் முன்பாதத்தால் நின்று குதிகாலை மெதுவாகக் கீழே இறக்குவது. ஒரு நாளைக்கு இரண்டு வேளை, 12 வாரம், வலித்தாலும் தொடர வேண்டும். 2007இல் அதே நாட்டில் நடந்த இன்னொரு ஆய்வில், சிகிச்சைப் பயிற்சியுடன் ஓட்டத்தையும் தொடர்ந்தவர்கள், ஓட்டத்தை நிறுத்தியவர்களைவிட எந்த வகையிலும் பின்தங்கவில்லை. வலிக்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டால் ஐந்து வரை வலிக்கலாம், மறுநாள் காலைக்குள் அது தணிந்துவிட வேண்டும், வாரத்துக்கு வாரம் கூடக் கூடாது என்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட எல்லை.

எலும்புக்கு இந்த எல்லை பொருந்தாது. சுமை கூடும்போது எலும்பு முதலில் தன் பழைய பகுதியைச் சில வாரங்கள் அரித்தெடுக்கிறது. புதிய எலும்பால் அதை நிரப்ப மாதங்கள் ஆகும். இந்த இடைவெளியில் அது வழக்கத்தைவிட வலுக்குறைந்து இருக்கிறது. கணைக்காலிலோ பாதத்திலோ ஒற்றை விரலால் தொட்டுக் காட்டக்கூடிய ஓரிடத்தில் வலித்தால், ஓட ஓட அது கூடினால், இரவில் படுத்த பிறகும் வலித்தால், அன்றே ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை என்று சொன்னார்கள் என்பதற்காக மறுநாளே ஓடப் போய்விடாதீர்கள். மயிரிழை விரிசல் முதல் சில வாரங்களில் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவது சகஜம், எம்.ஆர்.ஐ. அதை முன்னதாகவே காட்டிவிடும்.