சாபம் யார் மேல் விழுந்தது, ஒருமுறை வாசித்துப் பாருங்கள்

போன வாரம் ஒரு வாலிபர் முகாம். கூட்டம் முடிந்து வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். பிளஸ் டூ படிக்கும் பெண் ஒருத்தி வந்து, "ஐயா, நான் கறுப்பா இருக்கறது நோவா தன் மகன் காமுக்குப் போட்ட சாபத்தாலயா?" என்று கேட்டாள். காலையில் பேசிய போதகர் அப்படிச் சொன்னாராம். இருபது வருஷமாக வேதாகமத்தின் பழைய ஏற்பாட்டைக் கற்பிக்கிறேன். இந்தக் கேள்வி வராத வருஷமே இல்லை.

நோவா என்றால் பேழை, புறா, வானவில். அதோடு புத்தகத்தை மூடிவிடுகிறோம். வெள்ளம் வடிந்தபின் அந்த மனிதர் திராட்சத்தோட்டம் போட்டார், குடித்தார், கூடாரத்தில் ஆடை விலகிக் கிடந்தார். காம் பார்த்துவிட்டு வெளியே போய்ச் சகோதரரிடம் சொன்னான். சேமும் யாப்பேத்தும் பின்பக்கமாக நடந்து வந்து மூடினார்கள். வெறி தெளிந்த நோவா சொன்னது, "கானான் சபிக்கப்பட்டவன்". காம் அல்ல ஐயா, கானான்! காமின் மகன். வேதாகமத்தின் முதல் புத்தகமான ஆதியாகமம் 9-இல் 25, 26, 27 மூன்று வசனங்களிலும் அடிமை என்று வருவது அவன் ஒருவன்தான். சபித்ததும் கடவுள் இல்லை, நோவா. அதே அதிகாரத்தின் முதல் வசனத்தில் கடவுள் நோவாவையும் மகன்களையும் ஆசீர்வதித்திருக்கிறார்.

காமுக்கு நான்கு பிள்ளைகள்: கூஷ், மிஸ்ராயிம், பூத், கானான். ஆப்பிரிக்காவோடு சேர்த்துப் பேசப்படுகிறவர்கள் முதல் மூவர். சாபத்தில் அவர்கள் பெயரே கிடையாது. கானானியர் எல்லையோ ஆப்பிரிக்காவில் இல்லை; சீதோன் முதல் காசா வரை என்று ஆதியாகமம் 10:19 சொல்கிறது. தோல் நிறம் பற்றி ஒரு சொல்லாவது இருக்கிறதா? தேடிப் பாருங்கள்.

அமெரிக்காவில் அடிமைமுறைக்கு இந்தத் திரிபும் ஒரு வேதச் சான்றாக நின்றது. 1861 மார்ச்சில் சவன்னா நகரில் பேசிய, அடிமைமுறையைக் காக்கப் பிரிந்துபோன தென்மாநிலக் கூட்டமைப்பின் துணை அதிபர் அலெக்சாண்டர் ஸ்டீபன்ஸ், கறுப்பின மக்கள் அடிமை நிலைக்கே ஏற்றவர்கள், அது இயற்கையாலோ கானான் மேல் விழுந்த சாபத்தாலோ என்றார். பெயரையாவது சரியாகச் சொன்னார், ஆளைத்தான் மாற்றிவிட்டார்.

பிரசங்கம் செய்கிறவர்களே, குறிப்பெழுதும் முன் ஆதியாகமம் 9-ஆம் அதிகாரத்தை 18-ஆம் வசனத்திலிருந்து வாய்விட்டு வாசியுங்கள். இரண்டு நிமிஷம்கூட ஆகாது. ஞாயிறு பள்ளி ஆசிரியர்களே, காமை மட்டும் கறுப்பாகத் தீட்டிய படம் இருந்தால் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். நிறத்தைச் சொல்லியே ஆகவேண்டுமென்றால் எண்ணாகமம் 12 இருக்கிறது. மோசேயின் எத்தியோப்பிய மனைவியைப் பற்றிக் குறை பேசிய அவர் அக்கா மிரியாமின் தோல்தான் அங்கே குஷ்டத்தால் வெளுத்துப்போனது.

அந்தப் பெண்ணிடம் என் வேதாகமத்தைக் கொடுத்து அவளையே வாசிக்கச் சொன்னேன். விரல் வைத்து வாசித்தாள். "அப்போ அவர் இதை வாசிக்கலையா ஐயா?" என்றாள். செருப்பு கிடைத்துவிட்டது என்று சொல்லி நகர்ந்துவிட்டேன்.