அந்தக் கறுப்புக் கல்லைப் பொலிஷ் பண்ணாதீர்கள்

மட்டக்களப்பிலிருந்து ஓர் ஆசிரியர் வெள்ளவத்தையில் உள்ள என் வீட்டுக்கு வந்தார். பையிலிருந்து கறுப்புக் கல் ஒன்றை எடுத்துவைத்தார். பளபளவென்று பொலிஷ் போட்டிருந்தது. "சேர், இது எரிமலைக் குழம்பில் வந்ததாம். இலங்கையில் எரிமலையே இல்லையே?"

நியாயமான கேள்வி. நம் நாட்டின் பத்தில் ஒன்பது பங்கு பழைய உருமாறிய பாறை. கொழும்புக்கு அடியிலும் அதுதான். ஆனால் கிழக்கில் விஜயன் தொகுதி எனப்படும் பழைய பாறைகளை வெட்டிக்கொண்டு, டொலரைட் என்னும் கறுப்புக் கல்லாலான டைக்குகள் ஓடுகின்றன. கோண்டுவானா என்ற பழைய பெருங்கண்டம் இழுபட்டு வெடித்த காலத்தில், வெடிப்புகளுக்குள் ஏறிய பாறைக்குழம்பு அங்கேயே இறுகி நின்ற சுவர்கள் அவை.

குழம்பு பிறப்பது ஆழத்தில், பூமியின் ஓட்டுக்கு அடியிலுள்ள மேன்டிலில். தடித்த கண்ட ஓட்டினூடாக ஏறும்போது வழியிலுள்ள பாறையையும் கரைத்துக்கொள்ளும். கண்டப் பாறையில் தோரியம், லந்தனம் என்ற தனிமங்களோடு ஒப்பிட்டால் நயோபியம் என்ற தனிமம் குறைவு. கலந்த குழம்பிலும் அந்தக் குறை தெரியும். கண்டம் மெலிந்து கடல் திறந்த பின் வரும் பசால்ட் என்ற எரிமலைக் கல்லில் அந்தக் குறை மறைந்துவிடும். சரி, நயோபியம் குறைந்தாலே கண்டம் கலந்தது என்று எழுதிவிடலாமா? கூடாது. பண்டைக் காலத்தில் கடற்தளம் அமிழ்ந்து மாற்றிய மேன்டிலும் இதே குறையைக் காட்டும். அதனால்தான் ஸ்ட்ரோன்சியம், நியோடிமியம் ஐசோடோப்புகளையும் (ஒரே தனிமத்தின் வேறுவேறு எடையுள்ள அணுக்கள்) அளக்கிறோம்.

தஸ்மேனியாவின் டொலரைட்டையும் அன்டார்க்டிகாவின் ஃபெரார் டொலரைட்டையும் பாருங்கள். இடையில் இன்று பெருங்கடல். இரண்டுக்கும் வயது சுமார் 183 மில்லியன் ஆண்டுகள். கடற்தளப் பசால்ட்டில் 0.703 அளவில் இருக்கும் ஸ்ட்ரோன்சியம் 87/86 விகிதம், இவை இறுகிய போதே ஏறத்தாழ 0.709 அல்லது அதற்கும் மேல். அதாவது, இரண்டும் ஒரே கிணற்றுத் தண்ணீர்!

இந்த எண்கள் கெடுவது சுலபம். நம் மழையில் உக்கிய கல்லிலிருந்து பொட்டாசியமும் ருபீடியமும் கழுவுப்பட்டுப் போகும். டைட்டேனியம், சிர்கோனியம், நயோபியம் பெரும்பாலும் தங்கும். ஆகவே உக்கிய தோலை வெட்டி எறிந்து உள்ளே இருக்கும் புதுக்கல்லைத்தான் எடுக்க வேண்டும். ஆரம்ப நாட்களில் நான் ஒரு மாதிரியை டங்ஸ்டன் கார்பைடு அரைவையில் போட்டேன். அரைவையின் டான்டலமும் கோபால்ட்டும் மாவில் ஏறிவிட்டன. அந்த இரண்டு எண்களையும் குப்பையில்தான் போட வேண்டியிருந்தது.

ஆசிரியரின் கல் டொலரைட்தான். எங்கே எடுத்தது என்று கேட்டேன். பழைய மாணவன் ஒருவன் ஏதோ கல் குவாரியிலிருந்து கொண்டுவந்தானாம். இடம் தெரியாத கல்லுக்கு ஆய்வுகூடத்தில் செய்ய ஒன்றுமில்லை. இப்படி ஒரு கல் கிடைத்தால் தொலைபேசியில் இடத்தைக் குறியுங்கள், கல் நின்ற சுவரைப் படம் எடுங்கள், முஷ்டி அளவு துண்டைப் பொலிஷ் போடாமல் அப்படியே வையுங்கள்; பொலிஷும் அந்த அரைவை போல எண்களைக் கெடுக்கலாம். குவாரிக்காரர் டைக்கைச் சல்லியாக்குவதற்கு முன்னர் இதைச் செய்ய வேண்டும்.

ஆசிரியர் அங்கேயே அந்த மாணவனுக்கு அழைப்பு எடுத்தார். குவாரியில் அந்தக் கறுப்புச் சுவர் இன்னும் பாதி நிற்கிறதாம்.