யூனியன் டெர்மினல் – கூட்டு முனையம்

பல ரயில் கம்பெனிகள் பங்கு போட்டுக் கட்டிப் பொதுவில் பயன்படுத்தும் நிலையம். 'யூனியன்' இங்கே தொழிற்சங்கம் அல்ல, கூட்டு உடைமை. 'டெர்மினல்' லத்தீன் 'டெர்மினஸ்' வழி வந்தது. எல்லை, எல்லைக்கல் என்று பொருள்.

19ஆம் நூற்றாண்டு அமெரிக்க நகரங்களில் கம்பெனிக்கு ஒரு ஸ்டேஷன். வண்டி மாற, மூட்டையோடு ஊரைக் கடக்க வேண்டும். 1853இல் இண்டியானாபோலிஸில் கம்பெனிகள் சேர்ந்து ஒரே நிலையம் கட்டின. 1939இல் திறந்த லாஸ் ஏஞ்சலஸ் நிலையத்துக்கு மூன்று பங்காளிகள். சென்னையில் அப்படி நடக்கவில்லை: மெட்ராஸ் ரயில்வே சென்ட்ரலை 1873இல் திறந்தது, தென்னிந்திய ரயில்வே எழும்பூரை 1908இல் கட்டியது. வடக்கே போகும் கடலூர்க்காரர் எழும்பூரில் இறங்கி சென்ட்ரலுக்கு ஓடுவது அதனால்தான்.

'ஒன்றிய நிலையம்' என்று எழுத வேண்டாம். நம் பக்கம் ஒன்றியம் என்றால் ஊராட்சி ஒன்றியம்தான். கூட்டுப் பட்டாவில் உள்ள 'கூட்டு' பங்குரிமையைச் சரியாகச் சொல்கிறது. முனை என்பது நுனி. பாதை முடியும் இடம் முனையம்.

சந்திப்பு வேறு. கடலூர் துறைமுகம் சந்திப்பில் விழுப்புரம், மயிலாடுதுறை, விருத்தாசலம் பாதைகள் கூடுகின்றன; வண்டி கடந்து போகலாம். விழுப்புரத்திலிருந்து வரும் பாதை புதுச்சேரியில் முடிகிறது. அதுதான் முனையம், ஆனால் கூட்டு அல்ல.

முனையம் கட்டுவோர் பிளாட்பாரக் கணக்கை முதலில் பார்க்கிறார்கள். நெரிசலோ பிளாட்பாரங்களுக்குப் பாதை பிரியும் கழுத்துப் பகுதியில்தான் தொடங்கும். வரும் வண்டியும் போகும் வண்டியும் அங்கே ஒன்றையொன்று குறுக்கிடும். ஒன்று போகும்வரை மற்றது சிக்னலில் நிற்கும். கழுத்தில் இணைப் பாதைகளும் பாயிண்ட்களும் (வண்டி தடம் மாறும் இடங்கள்) கூட்டாமல் பிளாட்பாரம் கூட்டினால் காத்திருப்பு குறையாது. அடுத்த சிக்கல், வந்த எஞ்சின் பாதை முடியும் பக்கம் அடைபட்டுவிடும். அது சுற்றி வர ஒரு தனிப் பாதை வேண்டும், அல்லது மறுமுனையில் வேறு எஞ்சின் மாட்ட வேண்டும். எல்.எச்.பி. எனும் புது வகைப் பயணிகள் பெட்டி ஒன்று ஏறக்குறைய 24 மீட்டர். 24 பெட்டி வண்டி எஞ்சினோடு 600 மீட்டரை நெருங்கும். அந்த நீளத்துக்குப் பிட் லைனும் (பெட்டியின் அடிப்பகுதியைப் பார்க்கக் குழி வெட்டிய பாதை) நிறுத்துபாதையும் வேண்டும். இல்லாவிட்டால் கழுவலும் பரிசோதனையும் பிளாட்பாரத்திலேயே நடந்து, அடுத்த வண்டி வெளியே நிற்கும். வளரும் ஊரில் இந்தப் பாதைகளுக்கெல்லாம் வேண்டிய யார்டு நிலத்தை முதலிலேயே எடுத்துவிட வேண்டும். வீடுகள் வந்தபின் கழுத்தை அகலப்படுத்த வழியில்லை.