ரெதோனின் மலர்களுக்குள் இருக்கும் காற்று

ஃபிரெஞ்சு ஓவியர் ஓதிலோன் ரெதோன் (1840–1916) ஐம்பது வயதை நெருங்கும்வரை பெரும்பாலும் கரித்துண்டிலும் கல்லச்சிலும் கருப்புப் படங்களையே படைத்துவந்தார். 1890-களில் வண்ணத்தின் பக்கம் திரும்பிய அவர், தம் கடைசி ஆண்டுகளில் பூச்சாடிகளை மீண்டும் மீண்டும் வரைந்தார். அவற்றுள் பல பேஸ்டல் படங்கள். பாரிஸின் ஓர்சே அருங்காட்சியகத்தில் உள்ள, நீண்ட கழுத்துச் சாடியில் வயல்பூக்களைக் காட்டும் படமும் அவ்வகையே. நிறம் வெளுக்காமல் இருக்க இத்தகைய படங்களைப் பொதுவாக 50 லக்ஸ் அளவு மங்கிய ஒளியில்தான் வைப்பார்கள்; அந்த மங்கலிலும் இதழ்கள் சுடர்விடுவது எப்படி?

விடை, வண்ணத்தைவிட அதன் இடைவெளிகளில் இருக்கிறது. பேஸ்டல் கட்டி என்பது நிறமித் தூளையும் வெண்சுண்ணத்தையும் மிகச் சிறிதளவு பிசின் சேர்த்துப் பிசைந்து உலர்த்தியது. அதைச் சொரசொரப்பான தாளில் இழுத்தால் துகள்கள் ஒட்டிக்கொள்கின்றன. அவற்றுக்கிடையே காற்று நிற்கிறது. ஒரு பொருளுக்குள் நுழையும் ஒளி எவ்வளவு வளைகிறது என்பதைக் காட்டும் ஒளிவிலகல் எண் சுண்ணத்துக்கு ஏறத்தாழ 1.6, காற்றுக்கு 1. இவ்வளவு வேறுபாடு இருப்பதால், துகளைத் தொடும் ஒவ்வொரு முறையும் ஒளி திசை மாறிச் சிதறி, ஆழம் போகாமல் நிறத்தோடு நம் கண்ணுக்குத் திரும்புகிறது. எண்ணெய் வண்ணத்திலோ காற்றின் இடத்தை எண்ணெய் நிரப்பிவிடுகிறது. அதன் எண் சுமார் 1.48 என்பதால் ஒளி அதிகம் சிதறாமல் ஊடுருவ, சுண்ணம் கிட்டத்தட்டக் கண்ணாடிபோல் ஆகிவிடும். ஈரமாக இருக்கும்போது மங்கித் தெரியும் மாக்கோலம் காய்ந்தபின் பளிச்சென வெளுப்பதும் இதே காரணத்தால்தான்.

தூள் உதிராமலிருக்கப் படத்தின்மேல் பிசின் கரைசலைத் தெளிப்பதுண்டு. ஆனால் அது துகள்களின் இடைவெளியை அடைப்பதால் நிறங்கள் கருமை கொள்கின்றன. தெளிக்காவிட்டாலோ சிறு அதிர்வுக்கும் தூள் உதிரும். என்னைக் கேட்டால், உதிரும் அபாயத்தோடு ஒளிர்வதே இந்த மலர்களுக்குப் பொருத்தம்.

படத்தின் அருகே சென்று பார்ப்பவருக்கு இரண்டு விதமான பரப்புகள் புலப்படும். பூக்களுக்குப் பின்னால் ரெதோன் தூளை விரலால் தேய்த்துத் தாளின் குழிகளுக்குள் இறக்கியிருப்பார். அந்த இடம் பனிமூட்டம்போல் அடங்கியிருக்கும். இதழ்களிலோ கட்டியை அழுத்தி இழுத்து அப்படியே விட்டிருப்பார். தேய்படாத துகள்கள் அங்கே மேடாக நிற்பதால், அதே ஒளியில் இதழ் மட்டும் முன்னே வந்து நிற்கிறது.