உடம்பு தேறியதும் மாத்திரையை நிறுத்துகிறவர்கள்

சென்னையில் எச்.ஐ.வி. தொற்றுள்ள ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டாலே, மருந்து வேலை செய்யவில்லை என்று வீட்டார் முடிவுகட்டிவிடுகின்றனர். உள்நோயாளிப் பிரிவில் நாங்கள் பார்ப்பது பெரும்பாலும் வேறு. மருந்தை ஒழுங்காக உட்கொள்வோர் சர்க்கரை, இரத்த அழுத்தம், எலும்பு முறிவு என்று எல்லோரையும் போலத்தான் வருகின்றனர். காசநோய் மூளையைத் தாக்கிய நிலையிலும் நிமோனியாவால் மூச்சுத் திணறியும் வருவோரைத் துருவிக் கேட்டால், மாத்திரையை இடையில் நிறுத்தியிருப்பார்கள், அல்லது இதுவரை பரிசோதனையே செய்திருக்கமாட்டார்கள். 2004-இல் தாம்பரம் சானடோரியத்தில் தொடங்கி, கூட்டு மருந்து இலவசமாகக் கிடைத்துவரும் ஊரில் இது நடக்கிறது என்பதுதான் ஆற்றாமை.

அண்மையில் வந்தவர் ஒரு ஜவுளிக்கடை ஊழியர். மூன்று வாரமாகத் தலைவலி. நெற்றி முழுக்கத் தைலம். கண்ணாடியைக்கூட மாற்றிப் பார்த்துவிட்டார். முதுகுத் தண்டுநீரில், மூளையுறையைத் தாக்கும் கிரிப்டோகாக்கஸ் பூஞ்சை இருந்தது. நோயெதிர்ப்புக்குத் தேவையான சி.டி.4 வெள்ளையணுக்கள் 50-க்கும் கீழே, அதாவது மிகக் குறைவு. மனைவி நெகிழிப் பையிலிருந்து எடுத்துக் காட்டிய பழைய அறிக்கையில், வைரஸ் கண்டறியப்படவில்லை என்றிருந்தது. ‘அதுதான் போய்விட்டதே, அப்புறம் எதற்கு மாத்திரை என்று விட்டுவிட்டார், டாக்டர்’ என்றார்.

போகவில்லை. எத்தனை முறை சொன்னாலும் மறுபடி சொல்ல வேண்டியிருக்கிறது. அந்தப் பரிசோதனை இரத்தத்தில் சுற்றும் வைரஸை மட்டுமே எண்ணுகிறது. கருவி எண்ணக்கூடிய அளவுக்கும் கீழே அது குறைந்துவிட்டது என்பதே அறிக்கையின் பொருள். நிணநீர்க் கணுக்களிலும் குடலிலும் உள்ள சில செல்களின் மரபணுவுக்குள் அது பதுங்கியே இருக்கிறது. மாத்திரை நின்றால் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களில் மீண்டும் பெருகத் தொடங்கிவிடும். அளவு அப்படிக் குறைந்தே இருக்கும்வரை உடலுறவு வழியே துணைக்குத் தொற்றாது என்பது உண்மை. அதுவும் மாத்திரை தொடரும்வரைதான். நிறுத்தியதும் உடம்பு உடனே படுத்துவிடாது என்பதால், மாதக்கணக்கில் நன்றாக இருப்பதையே குணமானதற்குச் சான்றாக எடுத்துக்கொள்கிறார்கள். ஹெபடைடிஸ் பி-யும் இருப்பவர் நிறுத்தினால் கல்லீரல் அழற்சி சீறிக் கிளம்பும் ஆபத்து வேறு.

மூளையுறைப் பூஞ்சைத் தொற்று வந்தபின் எச்.ஐ.வி. மருந்தை அன்றே தொடங்கவும் முடியாது. பூஞ்சைக்குச் சிகிச்சை தொடங்கி நான்கிலிருந்து ஆறு வாரம் பொறுக்கிறோம். எதிர்ப்பாற்றல் திடீரென விழித்துக்கொண்டால், மூளையில் ஏற்படும் வீக்கமே உயிரை எடுக்கக்கூடும். மருந்து தராமல் இழுத்தடிப்பதாக எங்களிடம் சண்டையிடும் உறவினர்கள் இதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

சக மருத்துவர்களுக்கும் ஒரு சொல்: எடை குறைந்து, வாயில் வெண்படலத்துடன் வருபவருக்கு ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றி எழுதுவதற்கு முன், அவருடைய ஒப்புதலுடன் எச்.ஐ.வி. பரிசோதனை செய்யுங்கள். அரசின் எச்.ஐ.வி. ஆலோசனை, பரிசோதனை மையங்களான நம்பிக்கை மையங்களில் அது இலவசம்.

வேலை நேரம் ஒத்துவரவில்லை என்றாலோ வேறு ஊருக்குப் போவதானாலோ, சிகிச்சை மையத்தில் முன்கூட்டியே சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள், சொல்லாமல் மறையாதீர்கள். இடையில் விட்டவர்கள், திட்டுவார்களே என்று தயங்காமல் திரும்பி வாருங்கள், உங்களைக் கெஞ்சிக் கேட்கிறேன். நேரில் போகத் தயக்கமாயிருந்தால் எச்.ஐ.வி. உதவி எண்ணான 1097-ஐ அழையுங்கள். எச்.ஐ.வி. கூட்டு மருந்திலுள்ள டொலுடெக்ராவிர் சாப்பிடுவோர் வயிற்றெரிச்சலுக்கான ஆன்டாசிட் மருந்தை அதனுடன் சேர்த்து விழுங்கக் கூடாது. ஆன்டாசிட்டுக்கு டொலுடெக்ராவிரை இரண்டு மணி நேரம் முன்போ ஆறு மணி நேரம் பின்போ எடுக்க வேண்டும்.

எந்த மருத்துவமனையில் சேர்ந்தாலும் மருத்துவரிடம் தொற்றை மறைக்காதீர்கள். தொற்றைக் காரணம் காட்டிச் சிகிச்சை மறுப்பதையும், ஒப்புதலின்றி அதை வெளியிடுவதையும் 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி. - எய்ட்ஸ் தடுப்பு, கட்டுப்பாட்டுச் சட்டம் தடை செய்கிறது. காசநோய்க்கு ரிஃபாம்பிசின் தொடங்கும்போது டொலுடெக்ராவிரைக் காலை ஒன்று, இரவு ஒன்று என இருவேளையாக்க வேண்டும். நீங்கள் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று தெரியாத மருத்துவர் அதை எப்படிச் செய்வார்?