ஒரு ஜிபி நினைவகத்துக்குள் ஓர் இயங்குதளம்

நெட்புக் என்று அழைக்கப்பட்ட சிறு மடிக்கணினிகள் பிறக்கும்போதே மாற்று இயங்குதளத்தோடுதான் பிறந்தன என்பது இன்று பலருக்கு மறந்துபோயிருக்கும். 2007-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஆசுஸ் நிறுவனம் வெளியிட்ட ஈ பிசி 701-இல் 7 அங்குலத் திரையும் 512 எம்பி நினைவகமும் 4 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பும் மட்டுமே இருந்தன. அந்த அளவுக்குள் அன்றைய விண்டோஸ் விஸ்டா அடங்காது என்பதால், சாண்ட்ரோஸ் என்ற லினக்ஸ் பதிப்பை ஏற்றி விற்றார்கள். அடுத்த ஆண்டே இன்டெல்லின் ஆட்டம் செயலி வந்தது. மைக்ரோசாஃப்ட் இத்தகைய கணினிகளுக்காகவே விண்டோஸ் எக்ஸ்பியின் விற்பனைக் காலத்தை நீட்டித்தது. லினக்ஸ் ஓரம் போனது. இன்றோ விண்டோஸ் 11 குறைந்தது 4 ஜிபி நினைவகமும் 64 பிட் செயலியும் கேட்கிறது, விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது. அலமாரியில் கிடக்கும் ஒரு நெட்புக்கை மறுபடி வேலைக்கு எடுக்க நினைப்பவருக்கு மாற்று இயங்குதளத்தைத் தவிர வேறு வழி அநேகமாக இல்லை.

அவ்வாறு தேடத் தொடங்கியவுடன் காதில் விழும் முதல் சொல் ‘லைட்வெயிட்’ என்பது. இந்த இயங்குதளம் எடை குறைந்தது, அது இன்னும் குறைந்தது என்கிறார்கள். எந்த எடையைச் சொல்கிறார்கள் என்பதை மட்டும் பெரும்பாலும் விளக்குவதில்லை. என்னிடம் உள்ள நெட்புக்கில் ஆட்டம் என்270 செயலி, 1 ஜிபி நினைவகம், நிமிடத்துக்கு 5400 முறை சுழலும் வன்தட்டு, 1024-க்கு 600 புள்ளிகள் கொண்ட திரை ஆகியவை உள்ளன. அதில் பல இயங்குதளங்களை மாற்றி மாற்றி ஏற்றிப் பார்த்தபோதுதான் அந்தச் சொல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட பொருள் உண்டு என்பது புரிந்தது.

முதலில் செயலியைப் பார்ப்போம். என்270-இன் கடிகார வேகம் 1.6 கிகாஹெர்ட்ஸ், அது வெளியிடும் வெப்பத்தின் வரம்பு 2.5 வாட். இவ்வளவு குறைந்த மின்சாரத்தில் ஓட வேண்டும் என்பதற்காக இன்டெல் பொறியாளர்கள் ஒரு முக்கியமான வசதியைக் கைவிட்டார்கள். பெரிய செயலிகள் ஒரு கட்டளை தரவுக்காகக் காத்திருக்கும்போது, அதற்குப் பின்னால் நிற்கும் கட்டளைகளில் எவை தயாராக உள்ளனவோ அவற்றை முன்னால் அழைத்து முடித்துவிடும். ஆட்டம் அப்படிச் செய்யாது. நிரலில் எழுதிய வரிசைப்படியேதான் செய்யும். கவுன்டரில் முன்னே நிற்பவர் பையைத் துழாவிச் சில்லறை எடுக்கும்வரை பின்னால் நிற்கும் அத்தனை பேரும் காத்திருப்பதைப் போன்றது இது. செயலிக்குள் இருக்கும் 512 கிலோபைட் தற்காலிகச் சேமிப்பில் தேவையான தரவு இல்லையென்றால், அதை நினைவகத்திலிருந்து கொண்டுவர நூறு கடிகாரச் சுழற்சிகளுக்கும் மேலாகலாம். அவ்வளவு நேரமும் வீண். அந்த வீணடிப்பைக் குறைக்கத்தான் ஒரே உள்ளகத்தில் இரண்டு வரிசைகளை நிறுத்தும் ஹைப்பர் திரெடிங் வசதியைச் சேர்த்தார்கள். ஒரு வரிசை தேங்கினால் மற்றது நகரும். (வரிசை மாறாத இந்தப் பிடிவாதத்துக்கு எதிர்பாராத பலனும் கிட்டியது: 2018-இல் உலகத்தைக் கலங்கடித்த மெல்ட்டவுன், ஸ்பெக்டர் ஆகிய பாதுகாப்புக் குறைகள், கட்டளைகளை ஊகத்தின்பேரில் முன்கூட்டியே நிறைவேற்றும் செயலிகளைத்தான் பாதித்தன, இந்தப் பழைய ஆட்டம் தப்பித்துக்கொண்டது.)

செயலி மெதுவானது என்பது உண்மைதான். ஆனால் நெட்புக் உறைந்து நிற்கும் தருணங்களில் குற்றவாளி பெரும்பாலும் செயலி அல்ல, நினைவகம். இயங்குதளம் நினைவகத்தை 4 கிலோபைட் அளவுள்ள பக்கங்களாகப் பிரித்துக் கையாள்கிறது. நிரல்கள் கேட்கும் பக்கங்கள் இருப்பதைவிட அதிகமாகும்போது, அண்மையில் தொடப்படாத பக்கங்களை வன்தட்டில் ஸ்வாப் என்ற பகுதிக்கு அனுப்பிவிட்டு இடம் பிடிக்கிறது. அனுப்பிய பக்கம் மறுபடி தேவைப்பட்டால் வேறொன்றை வெளியே தள்ளி இதை உள்ளே இழுக்க வேண்டும். 5400 சுழற்சித் தட்டு ஒரு சுற்றுச் சுற்றவே 11 மில்லி விநாடி ஆகிறது; நினைவகத்திலிருந்து தரவு வர ஆகும் நேரமோ ஒரு விநாடியின் கோடியில் ஒரு பங்கை ஒட்டியது. இரண்டுக்கும் இடையே ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு வேறுபாடு. உலாவியில் நான்காவது தாவலைத் திறந்ததும் என் நெட்புக்கின் முன்விளிம்பில் உள்ள வன்தட்டு விளக்கு சிமிட்டுவதை நிறுத்திவிட்டு ஒரேயடியாக எரியத் தொடங்கும். சுட்டி அசையும், ஆனால் அழுத்தினால் எதுவும் நடக்காது. அந்நேரத்தில் செயலியின் பயன்பாட்டைக் காட்டும் கருவியை எப்படியாவது திறந்துவிட முடிந்தால், செயலி அநேகமாகச் சும்மா இருப்பதையும், பக்கங்கள் வரட்டும் என்று எல்லா நிரல்களும் காத்திருப்பதையும் காணலாம்.

இதற்கு மாற்றாக லினக்ஸில் ஒரு நல்ல வழி உண்டு. வெளியே தள்ள வேண்டிய பக்கங்களை வன்தட்டுக்கு அனுப்பாமல், சுருக்கி நினைவகத்திலேயே ஒரு மூலையில் வைத்துக்கொள்ளும் இசட்ரேம் என்ற வசதி அது. சுருக்கவும் விரிக்கவும் செயலி உழைக்க வேண்டும் என்றாலும், மெதுவான ஆட்டம்கூட ஒரு பக்கத்தை விரித்து முடிக்கும் நேரம் வன்தட்டின் முள் நகரும் நேரத்தைவிட மிகக் குறைவு. எந்த இயங்குதளத்தைத் தேர்ந்தாலும் நான் முதலில் செய்வது இதை இயக்கி வைப்பதுதான். இயங்குதளத்தையே மாற்றுவதைவிட இந்த ஒரு மாற்றம் கூடுதல் பலன் தந்ததும் உண்டு.

இனி எடை எங்கே இருக்கிறது என்ற கேள்விக்கு வரலாம். பல ஜிபி இடம் கேட்கும் பெரிய லினக்ஸ் பதிப்பிலும், இருபது எம்பி அளவில் முடிந்துவிடும் டைனி கோர் லினக்ஸிலும் அடியில் இருப்பது ஒரே லினக்ஸ் கெர்னல்தான், அதாவது வன்பொருளோடு நேரடியாகப் பேசும் மையப் பகுதி. நினைவகத்தை விழுங்குவது அதன்மேல் அமர்ந்திருக்கும் அடுக்குகள்: ஒவ்வொரு சாளரத்தையும் தனித்தனிப் படமாக வரைந்து பிறகு ஒன்றுசேர்க்கும் மேசைத்தளம், கோப்புகளை ஓயாமல் அட்டவணைப்படுத்தும் சேவை, புதுப்பிப்புகளைத் தேடிக்கொண்டே இருக்கும் சேவை, இல்லாத அச்சுப்பொறிக்காகக் காத்திருக்கும் சேவை. ஆன்டிஎக்ஸ் என்ற பதிப்பு டெபியன் என்ற பெரிய லினக்ஸ் பதிப்பை அடித்தளமாகக் கொண்டு இந்த அடுக்குகளைத்தான் உரித்திருக்கிறது. பெரிய மேசைத்தளத்துக்குப் பதிலாக ஐஸ்டபிள்யூஎம் போன்ற வெறும் சாளர மேலாளரைத் தருகிறது, பல பதிப்புகளில் சேவைகளைத் தொடங்கி வைக்கும் சிஸ்டம்டி என்ற நிரல் இல்லாமலேயே அவற்றைத் தொடங்குகிறது. இத்தகைய பதிப்புகளை ஒப்பிடும்போது நினைவகப் பயன்பாட்டைக் காட்டும் ‘ஃப்ரீ’ என்ற கட்டளையைப் பயன்படுத்துவோர் அதன் முதல் நெடுவரிசைகளைப் பார்த்து ஏமாந்துவிடக் கூடாது. காலியாகக் கிடக்கும் நினைவகத்தை லினக்ஸ் வீணாக விடாது, வன்தட்டிலிருந்து படித்த கோப்புகளை அங்கே வைத்துக்கொள்ளும். தேவைப்பட்டால் நொடியில் விட்டுக்கொடுக்கும். ஆகவே காலியாக உள்ளது எவ்வளவு என்பதைவிட, ‘கிடைக்கக்கூடியது’ என்று கடைசியில் காட்டும் எண்ணே பொருளுள்ளது.

பேரி காலர் என்பவர் 2003-இல் தொடங்கிய பப்பி லினக்ஸ் எடையை வேறு வகையில் புரிந்துகொள்கிறது. சுருக்கப்பட்ட ஒற்றைக் கோப்பாக உள்ள முழு இயங்குதளத்தையும் அது தொடங்கும்போதே நினைவகத்துக்கு ஏற்றிவிடுகிறது. அந்தக் கோப்பு வாசிக்க மட்டுமே. நாம் செய்யும் மாற்றங்கள் அதன்மேல் விரித்த கண்ணாடித் தாள்போன்ற இன்னொரு அடுக்கில் எழுதப்படுகின்றன. நிரல்கள் நினைவகத்திலிருந்தே திறப்பதால் வன்தட்டின் தாமதம் கண்ணில் படுவதில்லை, பென் டிரைவைக்கூடப் பிடுங்கிவிடலாம். விலை என்னவென்றால், அந்த அளவு நினைவகம் நிரந்தரமாகக் கைவிட்டுப் போகிறது. 1 ஜிபி உள்ள கணினியில் பப்பி தொடங்கியவுடன் பறக்கிறது, உலாவியைத் திறந்து சற்று நேரத்தில் திணறுகிறது. டைனி கோரில் வேறொரு வேடிக்கை: அடிப்படைப் பதிப்பில் தேவையற்றது எதுவுமே இல்லை என்பதால் தமிழ் எழுத்துருவும் இல்லை. நாமே ஒன்றைக் கொண்டுவந்து சேர்க்கும்வரை தமிழ்ப் பக்கங்கள் கட்டம் கட்டமாகத்தான் தெரியும்.

லினக்ஸுக்கு வெளியே போனால் என் மனத்துக்கு நெருக்கமானது ஹைக்கூ. 1990-களில் ஜான் லூயி கசே தலைமையில் பீ நிறுவனம் உருவாக்கிய பீஓஎஸ், பல செயலிகளையும் ஒளி-ஒலி வேலைகளையும் மனத்தில் வைத்து எழுதப்பட்ட இயங்குதளம். 2001-இல் அந்நிறுவனத்தின் சொத்துகளைப் பாம் என்ற கைக்கணினி நிறுவனம் வாங்கியதோடு அது நின்றுபோனது. அதே ஆண்டில் ஆர்வலர்கள் அதைப் புதிதாக எழுதத் தொடங்கினார்கள்; அதுவே இன்றைய ஹைக்கூ. அதன் ஐந்தாவது சோதனைப் பதிப்பு 2024 செப்டம்பரில் வந்தது. ஒரு தலைமுறைப் பொறுமை என்றே சொல்லலாம். ஹைக்கூவில் ஒவ்வொரு சாளரத்துக்கும் தனியாக ஓர் இழை, அதாவது மற்ற வேலைகளுக்காகக் காத்திராமல் ஓடும் ஒரு கட்டளைத் தொடர், ஒதுக்கப்படுகிறது. ஆகவே நிரல் கனமான வேலையில் மூழ்கியிருந்தாலும் சாளரத்தை இழுத்தால் உடனே நகர்கிறது, பொத்தானை அழுத்தினால் அழுந்துகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தால் வேலை முடியும் நேரம் குறைந்திருக்காது; ஆனால் மனிதருக்கு வேகம் என்று தோன்றுவது முடிக்கும் நேரமன்று, பதிலளிக்கும் நேரமே என்பதை இந்தக் கணினியில் ஹைக்கூ காட்டியதைப்போல் வேறெதுவும் காட்டவில்லை. வரைகலைச் சில்லின் உதவி இல்லாமல் எல்லாவற்றையும் செயலியே வரைவதால், காணொளி என்று வரும்போது மட்டும் கைவிரித்துவிடுகிறது.

செயலியின் கட்டளைகளையே நேரடியாக எழுதும் அசெம்பிளி மொழியில் பெரும்பாலும் எழுதப்பட்ட கோலிப்ரிஓஎஸ், 1.44 எம்பி நெகிழ்வட்டு ஒன்றில் மேசைத்தளத்தையும் விளையாட்டுகளையும் சேர்த்தே அடக்கிவிடுகிறது. ஏற்றிப் பார்த்து வியக்கலாம். அன்றாட வேலைக்கு உதவாது.

எந்த இயங்குதளமானாலும் கடைசியில் தீர்ப்புச் சொல்வது, வன்பொருளோடு பேச உதவும் டிரைவர் நிரல்கள். வைஃபை சில்லுக்குள் ஓட வேண்டிய ஃபர்ம்வேர் என்ற சிறு நிரலைத் தயாரிப்பாளரே தர வேண்டும். அது இல்லாவிட்டால் கெர்னல் சில்லை அடையாளம் கண்டும் பேச முடியாமல் நிற்கும். வரைகலையிலும் அப்படியே. என்270-உடன் வந்த ஜிஎம்ஏ 950 நன்கு ஆவணப்படுத்தப்பட்டது, எங்கும் ஓடும். அதே காலத்து ஆட்டம் இசட் வரிசையோடு வந்த ஜிஎம்ஏ 500-இன் உள்ளிருந்ததோ இமாஜினேஷன் நிறுவனத்தின் பவர்விஆர் தொழில்நுட்பம். அதற்குத் திறந்த டிரைவர் இல்லாததால் அந்தக் கணினிகளின் உரிமையாளர்கள் ஆண்டுக்கணக்கில் அவதிப்பட்டார்கள். இதையெல்லாம் தாண்டி வந்தாலும் 600 புள்ளி உயரம் காத்திருக்கும். அமைப்புகள் சாளரம் 768 புள்ளிகளை எதிர்பார்த்து விரியும், ‘சரி’ என்ற பொத்தான் திரையின் கீழ் விளிம்புக்கு அப்பால் போய்விடும். பல சாளர மேலாளர்களில் ஆல்ட் விசையை அழுத்திக்கொண்டு சாளரத்தின் நடுவைப் பிடித்து மேலே இழுத்தால் பொத்தான் மீளும்.

சோதனைக்கு வன்தட்டைத் தொட வேண்டியதில்லை, இயங்குதளத்தைப் பென் டிரைவில் எழுதி அதிலிருந்தே ஓட்டலாம். கணினியைத் தொடங்கி வைக்கும் பயாஸ், பென் டிரைவின் முதல் 512 பைட்டுகளைப் படித்து, அதன் முடிவில் உரிய இரண்டு பைட் முத்திரை இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கட்டுப்பாட்டை அங்குள்ள சிறு நிரலிடம் ஒப்படைக்கிறது. அது கெர்னலை ஏற்றுகிறது. ஆனால் யூஎஸ்பி 2.0 வழியாக ஓடும் இயங்குதளம் தரும் வேகத்தைக் கொண்டு அதை எடைபோடுவது நியாயமன்று. பிடித்திருந்தால் நிறுவிப் பார்த்தபின்தான் முடிவுசெய்ய வேண்டும். பென் டிரைவில் எழுதுமுன் செயலி எத்தனை பிட் என்பதையும் பார்த்துக்கொள்வது நல்லது. என்270-க்கு 32 பிட் மட்டுமே தெரியும். 2010-இன் தொடக்கத்தில் வந்த என்450 முதல் 64 பிட்டும் தெரியும். இன்னும் பிந்தைய பே டிரெயில் வகை ஆட்டம் செயலி கொண்ட கணினிகள் சிலவற்றில் செயலி 64 பிட்டாகவும், அதைத் தொடங்கி வைக்கும் யூஇஎஃப்ஐ 32 பிட்டாகவும் இருந்து குழப்பும்.

32 பிட்டுக்கான கதவுகள் ஒவ்வொன்றாக அடைபடுகின்றன. ஆர்ச் லினக்ஸ் 2017-இலும் ஃபெடோரா 2019-இலும் விலகிக்கொண்டன. 2025-இல் வந்த டெபியன் 13-இல் 32 பிட் பிசிக்களுக்கான நிறுவியும் கெர்னலும் இல்லை. டெபியன் 12-க்கான நீண்டகால ஆதரவு 2028 ஜூன் வரை உண்டு. குரோம் உலாவி லினக்ஸின் 32 பிட் பதிப்பை 2016-லேயே நிறுத்திவிட்டது. யூனிக்ஸ் வழிவந்த வேறு இயங்குதளங்களான நெட்பிஎஸ்டியும் ஓபன்பிஎஸ்டியும் இன்னும் தாங்கிப் பிடிக்கின்றன.

உலாவியைப் பற்றிச் சொல்லாமல் இதை முடிக்க முடியாது. இயங்குதளத்தை எவ்வளவு இழைத்து மெலிய வைத்தாலும், ஒவ்வொரு தளத்தையும் தனித்தனிச் செயல்முறையில் ஓட்டும் இன்றைய உலாவி, மிச்சம் பிடித்த நினைவகத்தை ஒரே பக்கத்தில் தின்று தீர்த்துவிடும். பக்கங்களுக்குள் ஓடும் ஜாவாஸ்கிரிப்ட் நிரல்களை அணைத்துவிட்டால் செய்தித் தளங்கள் பலவும் வெறும் எழுத்தாக, ஆனால் உடனடியாகத் திறக்கின்றன. என் நெட்புக்கில் இப்போது இசட்ரேமோடு ஆன்டிஎக்ஸ் ஓடுகிறது, ஹைக்கூ ஒரு பென் டிரைவில் இருக்கிறது. உலாவியை மூடி வைத்துவிட்டு எழுத்துத் திருத்தியில் தட்டச்சு செய்யும்போது, முன்விளிம்பில் உள்ள அந்த விளக்கு மணிக்கணக்கில் எரிவதே இல்லை.