கர்ப்ப காலத்தில் சருமத்துக்குக் கொஞ்சம் போதும்

ஏழாம் மாதத்தில் ஒரு பெண் என்னிடம் வந்தார். இடது கன்னத்தில் மூன்று பழுப்புக் கோடுகள். மேலே அகலமாகத் தொடங்கி, கீழே வர வர மெலிந்து, தாடை ஓரத்தில் ஒரு சொட்டு அளவில் முடிந்திருந்தன. எதையோ தடவியபோது வழிந்த தடம் என்று பார்த்ததுமே தெரிந்துவிட்டது.

"எலுமிச்சைச் சாறு போட்டீங்களா?" என்று கேட்டேன்.

"ஆமா டாக்டர். எப்படித் தெரிஞ்சுது?" என்றார்.

மங்கு, அதாவது முகத்தில் படரும் கருந்திட்டு, போகட்டும் என்று சாற்றைப் பஞ்சில் நனைத்துத் தடவியிருக்கிறார். லேசாகத் துடைத்துவிட்டு, துணி காயப்போட வெயிலுக்குப் போயிருக்கிறார். மறுநாள் எரிச்சலும் சிவப்பும். ஒரு வாரத்தில் கோடுகள் கறுத்துவிட்டன. "வயித்துல குழந்தை இருக்கு, கிரீம் எதுவும் வேண்டாம்னுதான் வீட்ல இருக்கறதைப் போட்டேன்" என்றபோது அவருக்குக் குரல் உடைந்தது.

இதைச் சொல்லாத கர்ப்பிணிகள் குறைவு. எண்ணம் முழுக்க நல்ல எண்ணம்தான், குழந்தைக்கு எதுவும் ஆகிவிடக் கூடாது என்பது மட்டுமே. ஆனால் சமையலறையில் இருப்பதெல்லாம் மென்மையானது, மருந்துக் கடையில் இருப்பதெல்லாம் ஆபத்தானது என்று பிரித்துக்கொள்கிறோமே, அந்தப் பிரிவினைதான் தவறு. சருமத்துக்கு ஒரு பொருள் எங்கிருந்து வந்தது என்பது தெரியாது. அதன் அமிலம் எவ்வளவு, உராய்வு எவ்வளவு என்பதுதான் அதற்குத் தெரியும்.

எலுமிச்சையையே எடுத்துக்கொள்வோம். அமிலத்தைக் காட்டும் பி.எச் எண் குறையக் குறைய அமிலம் கூடுதல் என்று பொருள். நம் சருமத்தின் பி.எச் அளவு ஏறக்குறைய 5. எலுமிச்சைச் சாற்றின் அளவு 2 அல்லது அதை ஒட்டியது. கேட்க 3 எண் வித்தியாசம்தான், ஆனால் அமிலத்தன்மையில் அது ஆயிரம் மடங்கு. அது போதாதென்று எலுமிச்சை வகைப் பழங்களில், குறிப்பாகத் தோலில், ஃபுரோகூமரின் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. சூரியனின் புற ஊதாக் கதிர் பட்டதும் அது சரும செல்களைத் தாக்கும். இது அலர்ஜி இல்லை, சாறும் வெயிலும் போதிய அளவு சேர்ந்தால் யாருக்கும் வரலாம். ஒன்றிரண்டு நாளில் சிவந்து, சிலருக்குக் கொப்புளமும் கட்டி, அப்புறம் பழுப்பாகி மாதக்கணக்கில் நிற்கும். அந்தப் பெண்ணின் கோடுகள் மறைவதற்குள் குழந்தை பிறந்து தவழவே தொடங்கிவிட்டது.

பேக்கிங் சோடா இதற்கு நேர் எதிர், காரம். சர்க்கரையால் தேய்ப்பது சருமத்தில் கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும். பருவுக்கு டூத்பேஸ்ட் வைத்தால் புண்தான் மிச்சம். பச்சை முட்டை வெள்ளையில் சால்மோனெல்லா கிருமி இருக்கலாம், வாய்க்குப் பக்கத்தில் அது எதற்கு? இவை எதுவுமே வேண்டாம்.

மங்கு ஏன் வருகிறது என்று தெரிந்தால் பாதிப் பதற்றம் போய்விடும். கர்ப்பத்தில் ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் இரண்டும் ஏறுகின்றன. நிறமி தயாரிக்கும் செல்கள் சுறுசுறுப்பாகின்றன. கன்னம், நெற்றி, மேலுதட்டில் மங்கு, வயிற்றின் நடுவே கறுப்புக் கோடு, கழுத்திலும் அக்குளிலும் கருமை எல்லாம் அதே காரணத்தால்தான். அழுக்கு இல்லை, தேய்த்துக் கழுவினால் போகாது. தேய்க்கத் தேய்க்கக் கூடத்தான் செய்யும். பிரசவத்துக்குப் பிறகு சில மாதங்களில் பலருக்குத் தானாகவே வெளுக்கும், சிலருக்குக் கொஞ்சம் தங்கும்.

மங்கு கூடாமல் இருக்க உண்மையில் உதவுவது ஒன்றுதான்: வெயிலை மறைப்பது. சன்ஸ்கிரீனை மட்டும் வீட்டில் செய்யவே முடியாது. எண்ணெயில் ஜிங்க் ஆக்சைடு பொடியைக் கலக்கினால் அது சமமாகப் பரவாது, எந்த இடம் காக்கப்படுகிறது, எந்த இடம் இல்லை என்று கண்ணால் பார்த்துச் சொல்லவும் வழியில்லை. ஜிங்க் ஆக்சைடு அல்லது டைட்டானியம் டைஆக்சைடு கொண்ட, எஸ்.பி.எஃப் 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனைக் கர்ப்பிணிகள் தாராளமாகப் போடலாம். லேசான சரும நிறம் கலந்த வகை இன்னும் நல்லது. அதிலுள்ள இரும்பு ஆக்சைடு கண்ணுக்குத் தெரியும் ஒளியையும் தடுக்கும், அந்த ஒளியும் மங்கைக் கூட்டக்கூடியது. கூடவே ஒரு அகலத் தொப்பி அல்லது குடை.

சரி, வீட்டில் செய்து தடவ எதுவுமே இல்லையா? இருக்கிறது. வறட்சிக்கும் வயிற்று நமைச்சலுக்கும் நான் மனதாரச் சொல்வது ஓட்ஸ். இனிப்பும் மணமும் சேர்க்காத வெறும் ஓட்ஸ். ஒரு கப் எடுத்து மிக்ஸியில் நைஸாக அரையுங்கள். ஒரு ஸ்பூன் மாவை ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டுக் கலக்கிப் பாருங்கள். தண்ணீர் பால் போல வெளுத்து, விரலில் வழுவழுப்பாக ஒட்டினால் பதம் சரி. குருணையாக அடியில் தங்கினால் மறுபடி அரைக்க வேண்டும். அதில் நான்கைந்து ஸ்பூன் மாவை ஒரு பக்கெட் வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மெல்லிய பருத்தித் துணியை நனைத்து, நமைக்கும் இடத்தில் பத்து நிமிடம் ஒற்றி ஒற்றி வையுங்கள். ஓட்ஸில் உள்ள பீட்டா குளுக்கான் ஈரத்தைப் பிடித்து வைக்கும், அவெனந்த்ரமைடு என்ற பொருள் நமைச்சலைத் தணிக்கும். இது வெறும் பாட்டி வைத்தியம் இல்லை, நுண்ணிய ஓட்ஸ் மாவைச் சருமக் காப்புப் பொருளாக அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2003இல் ஏற்றுக்கொண்டது.

ஒன்றை மறக்காமல் சொல்ல வேண்டும். ஓட்ஸ் நீர் சிந்திய தரை பாசி படிந்தது போல வழுக்கும். வயிறு பெரிதான பிறகு உடம்பின் நிதானமே மாறியிருக்கும். அதனால் ஸ்டூலில் உட்கார்ந்து செய்யுங்கள், எழுவதற்கு முன் தரையை யாரையாவது கழுவிவிடச் சொல்லுங்கள்.

உடம்பை ஒற்றித் துடைத்து, ஈரம் முழுக்கக் காய்வதற்குள் ஏதாவது ஒரு பூச்சு போட வேண்டும். கை, கால், வயிற்றுக்குத் தேங்காய் எண்ணெய் நல்லது. பரு வரும் முகத்தில் வேண்டாம், துளைகளை அடைக்கும். ஆலிவ் எண்ணெயை நான் சொல்வதில்லை, அதில் மிகுந்திருக்கும் ஓலிக் அமிலம் சருமத்தின் காப்புச் சுவரையே பலவீனப்படுத்தும். பெட்ரோலியம் ஜெல்லி என்றதும் பலர் தயங்குகிறார்கள். நன்கு சுத்திகரித்த ஜெல்லி சருமத்தின் மேலேயே நின்று ஈரத்தைக் காக்கும், உள்ளே போகாது. மணம் இல்லாததைக் கேட்டு வாங்குங்கள்.

எண்ணெய் தேய்த்தால் வயிற்றில் பிரசவத் தழும்பு வராதா என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. வருவதும் வராததும் பெரும்பாலும் பரம்பரையையும் தோல் எவ்வளவு வேகமாக விரிகிறது என்பதையும் பொறுத்தது. எந்தக் கிரீமும் எண்ணெயும் அதைத் தடுப்பதாக உறுதியான ஆதாரம் இல்லை என்றுதான் 2012இல் காக்ரேன் என்ற மருத்துவ ஆய்வு அமைப்பு பல ஆய்வுகளைத் திரட்டி வெளியிட்ட தொகுப்பும் முடித்தது. தேய்த்தால் இதமாக இருக்கும், இழுபடும் நமைச்சல் குறையும். அதற்காகத் தேய்க்கலாம். அப்படியும் தழும்பு வந்தால் நீங்கள் எதையோ தவறவிட்டதாக நினைத்து வருந்தாதீர்கள்.

தயிர், தேன், கற்றாழை போன்றவற்றைப் பத்து நிமிடம் வைத்துக் கழுவுவதில் பலருக்குக் கெடுதல் இல்லை. முதலில் முன்கையின் உட்பக்கத்தில் காசு அளவு தடவி, இரண்டு மூன்று நாள் பாருங்கள். தண்ணீர் சேர்ந்த எந்தக் கலவையையும் அன்றைக்கே செய்து அன்றைக்கே தீர்த்துவிடுங்கள். பதப்படுத்தும் பொருள் இல்லாததால் கிருமி வேகமாகப் பெருகும், ஃபிரிட்ஜில் வைத்தாலும் அது முழுதாக நிற்காது. மார்புக் காம்பில் மட்டும் தேன் தடவவே கூடாது. தேனில் பொட்டுலிசம் என்ற, நரம்பைச் செயலிழக்கவைக்கும் நோயை உண்டாக்கும் கிருமியின் வித்துகள் இருக்கலாம், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. அப்புறம், வாசனைத் தைலங்களைக் கலக்காமல் நேரடியாகத் தடவ வேண்டாம்.

மருந்துப் பக்கமும் சொல்ல வேண்டும். பருவுக்கும் சுருக்கத்துக்கும் வரும், வைட்டமின் ஏ சார்ந்த ரெட்டினாய்டு வகைகளைக் கர்ப்பத்தில் நிறுத்திவிட வேண்டும். அதே வகையைச் சேர்ந்த ஐசோட்ரெட்டினாயின் மாத்திரை சிசுவுக்குக் கடுமையான குறைபாடுகளை உண்டாக்கும். மங்குக்குப் போடும் ஹைட்ரோகுவினோன் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உடலுக்குள் உறிஞ்சப்படுவதால் அதுவும் வேண்டாம். கர்ப்பம் தெரியாமல் ரெட்டினாய்டு கிரீம் பூசியிருந்தால் பதறாமல் நிறுத்திவிட்டு மருத்துவரிடம் சொல்லுங்கள், மாத்திரை என்றால் அன்றே சொல்லுங்கள். அசிலாயிக் அமிலம், கிளிண்டாமைசின் பூச்சு போன்றவற்றைக் கர்ப்பத்திலும் கொடுக்கிறோம். பரு சீழ் பிடித்து வலிக்கும்போது மருந்தே வேண்டாம் என்று பொறுத்துக்கொள்ளத் தேவையில்லை.

எனக்கு உண்மையிலேயே அச்சம் தருவது லேபிள் இல்லாத டப்பாவில் 'வீட்டுத் தயாரிப்பு' என்று கைமாறும் வெளுப்புக் கிரீம்கள். சிலவற்றில் பாதரசம் இருக்கிறது. அது தாயின் சிறுநீரகத்தைக் கெடுக்கும், நஞ்சுக்கொடியைத் தாண்டிக் குழந்தையின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். ஒரே வாரத்தில் பளிச்சென்று வெளுக்கவைக்கும் கிரீம் என்றால் தொடாதீர்கள்.

கடைசியாக, எதையுமே தடவக் கூடாத ஒரு நமைச்சல். எட்டாம் மாதத்தில் இருந்த இன்னொரு பெண், ஓட்ஸ், எண்ணெய், கற்றாழை என்று மூன்று வாரம் எல்லாம் செய்து பார்த்துவிட்டு வந்தார். உடம்பில் ஒரு தடிப்பு இல்லை, ஒரு சிவப்பு இல்லை. கையை நீட்டச் சொன்னேன். நகங்கள் பாலிஷ் போட்டது போலப் பளபளத்தன. ராத்திரி முழுக்கச் சொறிந்து சொறிந்து தேய்ந்த பளபளப்பு அது. "உள்ளங்கையும் உள்ளங்காலும்தான் டாக்டர், படுத்தாப் போதும், கட்டில் சட்டத்துல காலைத் தேய்ச்சுக்கிட்டே இருக்கேன்" என்றார்.

அது சருமப் பிரச்சினையே இல்லை, கல்லீரலின் பித்தத் தேக்கம். பெரும்பாலும் கடைசி மூன்று மாதங்களில் வரும். ரத்தத்தில் பித்த அமிலம் ஏறும், அது லிட்டருக்கு 100 மைக்ரோமோலைத் தொட்டால் குழந்தை வயிற்றிலேயே இறந்துவிடும் அபாயம் கூடுகிறது. அன்றே ரத்தம் எடுத்து, மகப்பேறு மருத்துவரிடம் அனுப்பினேன். அளவு கூடித்தான் இருந்தது. அடிக்கடி பரிசோதித்து, 37ஆம் வாரத்தில் பிரசவம் பார்த்தார்கள். தாயும் சேயும் நலம். சில நாட்களில் நமைச்சல் நின்றது, நகத்தின் பளபளப்பு வளர்ந்து மறையத்தான் மாதங்கள் ஆயின.

உள்ளங்கை, உள்ளங்காலில் தடிப்பில்லாத நமைச்சல், ராத்திரியில் கூடுகிறது, சிறுநீர் அடர் நிறத்தில் போகிறது என்றால் அடுத்த செக்கப் தேதி வரை காத்திருக்காமல் மறுநாள் காலையே போங்கள். பித்த அமிலப் பரிசோதனையும் கல்லீரல் பரிசோதனையும் வேண்டும் என்று நீங்களே கேளுங்கள். முதல் முறை சரியாக இருந்தும் நமைச்சல் தொடர்ந்தால் மறுபடி எடுக்கச் சொல்லுங்கள், நமைச்சல் முதலில் வந்து ரத்தத்தில் பிறகு தெரிவதும் உண்டு. தொப்புளைச் சுற்றிக் கொப்புளம் வந்தாலும் அப்படித்தான், எதையும் தடவாமல் நேரே மருத்துவரிடம் காட்டுங்கள்.